மஞ்சள் துணி கட்டிய மரத்தடியில் கூடாரம்

கூடாரம் வாங்கினால் நான் முதலில் செய்வது, அதை நம்பாமல் இருப்பது. உறையின் மேல் நீர் புகாது என்று எழுதியிருக்கும். எழுதியவன் அதை விற்பவன். கிள்ளான் துறைமுகத்தில் சேதமாகி வந்த சரக்கைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. நீர் புகாது என்று அச்சடித்த பெட்டிகளிலிருந்து தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்துப் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. அதனால் எந்தக் கூடாரத்தையும் காட்டுக்குக் கொண்டுபோகும் முன் எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் விரித்து, தோட்டக் குழாயால் மேலிருந்து தண்ணீர் அடித்து, உள்ளே உட்கார்ந்து பார்ப்பேன். தையல் ஓரங்களில் விரலை ஓட்டுவேன். காவலாளி முதலில் சண்டைக்கு வந்தார். இப்போது நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கிறார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் இப்படித் தண்ணி ஊத்திப் பாத்தீங்களா?" என்று என் மனைவி கேட்பாள்.

பார்க்கவில்லை. அது ஒன்றுதான் நான் சோதிக்காமல் எடுத்துக்கொண்ட பொருள் என்று பதில் சொல்வேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கும் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியாது.

இந்த முறை பயணத்தை ஏற்பாடு செய்தவன் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. பிரிக்பீல்ட்ஸில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறான். எதையும் உடனே நம்புவான், உடனே வாங்குவான். தூக்கிப் போட்டால் தானாக விரியும் கூடாரம் ஒன்றை இணையத்தில் வாங்கி வைத்திருந்தான். அதை மறுபடி மடிக்க அவனுக்குத் தெரியாது. காரின் பின் இருக்கையில் பாதி விரிந்த நிலையிலேயே அது எங்களோடு வந்தது. மச்சானின் மனைவி அதன் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாலர் பள்ளி ஆசிரியை. திருமணமாகிப் பல வருடங்கள், குழந்தை இல்லை. மருத்துவமனைக்குப் போய்ப் போய், இனி போதும் என்று இருவரும் நிறுத்திக்கொண்ட வருடம் அது. நிறுத்தியதை எங்களிடம் அவர்கள் சொல்லவில்லை. அவள் வீட்டு விசேஷங்களுக்கு வருவதைக் குறைத்ததிலிருந்து நாங்களாகப் புரிந்துகொண்டோம். மச்சானுக்கு வாட்ஸ்அப் குழு ஒன்றில் யாரோ ஒரு காணொளி அனுப்பியிருந்தார்கள். செமினிக்கு மேலே, ஆற்றை ஒட்டிய ஒரு பழைய டூசுன். டுரியானும் ரம்புத்தானும் நிற்கும் பழத்தோட்டத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். அங்கே முகாம் போட இடம் விடுகிறார்கள். நடுவில் ஒரு பெரிய மரம். இடுப்பில் மஞ்சள் துணி, குங்குமம், கிளையில் சின்னச் சின்னத் தொட்டில்கள். குழந்தை வரம் கேட்டு யாரோ கட்டியவை. அதைப் பார்த்த பிறகு நானும் வருகிறேன் என்று அவளே சொன்னாளாம். வெகுநாள் கழித்து எங்காவது போக வேண்டும் என்று அவள் கேட்டது அதுதான். பிரிக்பீல்ட்ஸில் பூஜைச் சாமான் கடையில் மரத்தொட்டில் ஒன்றும் மஞ்சள் கயிறும் வாங்கிக் கைப்பையில் வைத்திருந்தாள்.

காணொளியை மச்சான் எனக்கும் காட்டினான். எனக்கு முதலில் தோன்றியது, உண்டியல் எங்கே என்பதுதான். திடீரென்று முளைக்கும் சாமிக்குப் பக்கத்தில் ஓர் உண்டியலும் முளைக்கும். இதில் இல்லை. இல்லாதது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. யாருக்கும் லாபம் இல்லாமல் ஒருவர் எதற்காக ஒரு மரத்துக்குத் துணி கட்டுகிறார்?

"அத்தான், சாமிக்கும் இன்வாய்ஸ் கேப்பீங்க போல," என்றான் மச்சான்.

காஜாங்கைத் தாண்டி, செமினியில் காய்கறியும் பனிக்கட்டியும் வாங்கிக்கொண்டு மேலே ஏறினோம். டூசுன் வாசலில் சங்கிலி மட்டும் இருந்தது. மச்சான் போன் போட்டான். சொந்தக்காரர் எடுத்து, கொக்கியைக் கழற்றி உள்ளே போங்கள், பிறகு வருகிறேன் என்றார். தமிழில் சொன்னார். சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, தமிழில் பேசியது மச்சானுக்குப் பெரிய நல்ல சகுனம். என்னைக் கேட்டால், பணம் வாங்கிய ஆள் வாசலில் இல்லாதது நல்லதற்கில்லை.

முகாம் போடும் இடத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பொருள்களை இறக்கும் முன் மூன்று பக்கம் பார்ப்பேன். முதலில் ஆறு. கரையில் நிற்கும் செடிகளின் கிளைகளில் காய்ந்த சருகும் பிளாஸ்டிக் பையும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பார்த்தால், வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இங்கே மலையில் பெய்யும் மழை நமக்குத் தெரியாமலே ஆற்றில் தலையைத் தூக்கிக்கொண்டு வரும். மலாயில் அதற்கு 'கெப்பாலா ஆயர்', தண்ணீரின் தலை என்று பெயர். தண்ணீர் திடீரென்று கலங்கி இலைகள் மிதந்து வந்தால், நனைந்த துணியைக்கூட எடுக்காமல் மேலேற வேண்டும். அந்தக் கணக்கில் ஆற்றங்கரை மணல்திட்டைத் தள்ளினேன். இரண்டாவது தரை. பள்ளமா, எறும்புப் புற்றா, அட்டை நிறைந்த ஈரப் புல்லா என்று பார்ப்பேன். கழிப்பறைக்குப் பக்கத்தில் லாலாங் புல்லை வெட்டிய ஒரு வெட்டவெளி இருந்தது. வெயில். வாடையும் கொஞ்சம் வந்தது. மூன்றாவது, மேலே. பெரும்பாலானவர்கள் மேலே பார்ப்பதே இல்லை.

"எதுக்கு சுத்திச் சுத்திப் பாக்குறீங்க? இதோ இருக்கே இடம்!" மச்சான் ஏற்கெனவே மரத்தடிக்குப் போய்விட்டான்.

நல்ல இடம்தான். நிழல், சமதரை, ஆற்றுக்கு மேலே, காற்று. பலகை பலகையாக வேர் இறங்கிய கிழட்டு மரம். இரண்டு வேர்களுக்கு நடுவே ஒரு கூடாரம் கச்சிதமாக அடங்கும். மச்சான் தன்னுடையதைத் தூக்கிப் போட்டான். அது விரிந்துகொண்டது. அந்த நேரத்துக்குள் அவன் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு மரத்துக்கு முன்னால் நின்றிருந்தாள். என் மனைவி எலுமிச்சம்பழமும் கற்பூரமும் எடுத்துக் கொடுத்தாள். ஒரு சின்ன நெருப்பு. இருவரும் கண்ணை மூடினார்கள்.

நான் கண்ணை மூடவில்லை. துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயிலில் வெளுத்த துணி. குங்குமம் புதிது. அப்படியென்றால் ஒருவர் துணியை எப்போதோ கட்டியிருக்கிறார், மற்றவர்கள் வந்து பொட்டு வைத்திருக்கிறார்கள். சூலம் இல்லை, கல் இல்லை, விளக்குப் புகை படிந்த மாடம் இல்லை. இன்னும் கொஞ்சம் கிட்டப் போனேன். துணிக்கு முடிச்சே இல்லை. சோபாத் துணியைப் பலகையில் வைத்து அடிப்பார்களே, அந்தத் துப்பாக்கி ஆணியால் வரிசையாக மரத்தில் அடித்திருந்தது. நம் ஆட்களில் யாரும் சாமி குடியிருக்கும் மரத்தில் ஆணி அடிப்பார்களா? மஞ்சள் துணியை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டுவோம்.

தொட்டில் கட்டும் பெண்ணுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆணியைப் பற்றிப் பேசக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கும் தெரியும்.

எங்கள் கூடாரத்தை விரித்தேன். அடியில் போடும் தரைவிரிப்பை உள்ளே மடித்துவிட்டேன். கூடாரத்துக்கு வெளியே அது ஒரு விரல் நீண்டாலும் மழைத் தண்ணீரைப் பிடித்து உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து ஊற்றும். மூலைக்கு ஒரு முளை எடுத்து, ரப்பர் சுத்தியலால் முதல் அடி அடித்தேன். முளை முழுசாக இறங்கிவிட்டது.

இது சரியில்லை. பெரிய மரத்தின் காலடியில் முளை இறங்காது. வேரில் முட்டும், வளையும், திரும்ப இடம் மாற்றி அடிக்க வேண்டும். அப்படி வளைந்துபோன முளைகள் ஒரு டப்பா நிறைய என்னிடம் இருக்கின்றன. இதுவோ கேக்கில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. வேரை ஒட்டியே இரண்டாவதை அடித்தேன். அதுவும் இறங்கியது, கடைசியில் வெற்றிடத்தில் விழுவதுபோல் ஒரு தளர்வு. பிடுங்கினேன். முளையில் மண் இல்லை. பழுப்புத் தூள் ஒட்டியிருந்தது. முகர்ந்தேன், காளான் வாடை.

மரத்தைச் சுற்றி ஆற்றுப் பக்கம் போனேன். அங்கே யாரும் போவதில்லை போலிருக்கிறது. செடி மண்டிக் கிடந்தது. விலக்கினால், அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான். சுத்தியலால் தட்டினேன். முன்பக்கம் மந்தமாக ஒரு சத்தம். பின்பக்கம் காலி டிரம்மைத் தட்டுவதுபோல் இருந்தது. மேலே நிமிர்ந்தேன். பாதை பக்கம் பச்சை இலை. ஆற்றுப் பக்கம் மொட்டைக் கிளைகள். அவற்றில் ஒன்று, ஆள் தண்டிக் கிளை, எங்கள் இரண்டு கூடாரங்களுக்கும் மேலே குறுக்காக வளைந்து வந்திருந்தது.

"அத்தான்! கண்டெய்னரைத் தட்டற மாதிரி சாமியைத் தட்டாதீங்க!"

"மச்சான், இங்க வா. டெண்ட்டை எடுத்துடலாம். மரம் உள்ள செத்துப்போச்சு."

அவன் வந்து பார்த்தான். காளானைப் பார்த்தான், மேலே பார்த்தான். "மேல பச்சையா இருக்கே."

"பாதிதான் பச்சை."

"இத்தனை பேரு வந்து தங்கியிருக்காங்க. வீடியோல பாத்தீங்கல்ல? ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல. சாமி பாத்துக்கும் அத்தான். சாமி காலடியில படுக்கப் பயப்படறது உலகத்திலேயே நீங்க ஒருத்தர்தான்."

அதுதான் எங்கள் ஆட்களின் விசித்திரம். துணி கட்டிய மரம் என்றால் மற்றவர்கள் விலகி நடப்பார்கள். நாங்கள் அதன் மடியில் போய்ப் படுப்போம். கோயில் மண்டபத்தில் குடும்பத்தோடு படுத்து எழுந்து பழகிய கூட்டம். துணை இருக்கிற இடத்தில் தூக்கம் நன்றாக வரும் என்பது எங்கள் கணக்கு.

என் மனைவி என்னைத் தனியே இழுத்தாள். "அவ முகத்தைப் பாத்தீங்களா?" என்றாள்.

பார்த்தேன். மச்சானின் மனைவி தொட்டிலை ஒரு தாழ்ந்த கிளையில் கட்டிவிட்டு, விரலால் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டிவிட்டு யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பினாள். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு உங்க சந்தேகத்தைக் கார் பூட்ல வச்சிட்டு வாங்க. ப்ளீஸ்."

"அவ அந்தக் கிளைக்குக் கீழதான் தூங்கப் போறா."

"உறுதியாத் தெரியுமா, விழும்னு?"

தெரியாது. என் தொழிலில் உறுதியாகத் தெரியாததை எழுதக் கூடாது. பனிக்கட்டி போதாது, வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தவுக்கேயைத் தேடிக் கீழே இறங்கினேன். மலைப் பக்கம் மேகம் கறுக்க ஆரம்பித்திருந்தது. பதில் எனக்கு மழைக்கு முன்னால் வேண்டும். செத்த கிளை காற்றில் மட்டும் விழுவதில்லை. மழையில் ஊறி, பாரம் தாங்காமலும் விழும்.

தவுக்கே வந்திருந்தார். வாசலுக்குப் பக்கத்திலிருந்த தன் குடிசைக்கு வெளியே, அரைக்கால் சட்டையோடு, பாராங் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய ஆள்.

"வாங்க பாஸ். எங்க டெண்ட் போட்டீங்க?"

"மஞ்சத் துணி மரத்தடியில."

கத்தி நின்றது. "ஐயோ! அங்கயா?"

"ஏன், போடக்கூடாதா? சாமி மரம்தானே?"

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பொய் சொல்லப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன இடைவெளி வரும். துறைமுகத்தில் தினமும் பார்க்கிறேன். இவருக்கும் வந்தது, பிறகு போய்விட்டது.

"சாமி எல்லாம் இல்ல லா. நான்தான் துணி அடிச்சேன்."

"எதுக்கு?"

"மரம் உள்ள காலி. ஒரு கிளை விழுந்து என் பம்பு செட்டே நொறுங்கிப் போச்சு. போர்டு வச்சேன் பாஸ். மலாய், இங்கிலீஷ், சீனம், மூணும் எழுதி வச்சேன். பிள்ளைங்க வந்து போர்டைப் புடுங்கி பார்பிக்யூக்கு விறகா வச்சுட்டாங்க! நான் ஜெஞ்சாரோம் பக்கம் எஸ்டேட் ஓரத்துல வளந்தவன். உங்க ஆளுங்க கூடத்தான் வெளையாடுவேன். அங்க மஞ்சத் துணி மரம்னா எங்க ஆளு, மலாய்க்காரன், எவனும் கிட்டப் போகமாட்டான். ஒண்ணுக்குப் போகக்கூடப் பயப்படுவான். அதான் துணி அடிச்சேன். நல்லா வேலை செஞ்சுச்சு லா! சீனன் வரல, மலாய்க்காரன் வரல."

"தமிழன்?"

அவர் தலையைச் சொறிந்தார். "தமிழன் மட்டும் நேரா அங்கயே போறான். கும்புடறான், தொட்டில் கட்டறான், வீடியோ எடுக்கறான். இப்ப அந்த மரத்தைத் தேடியே ஆள் வருது."

"அதனால துணியைக் கழட்டல."

கத்தியை மறுபடி கல்லில் வைத்தார்.

"மரத்தை வெட்டலாமே?"

"ஆத்து ஓரம். வெட்டப் பெர்மிட் கேட்டிருக்கேன். கேட்டுக்கிட்டே இருக்கேன்."

உண்மையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கூட்டம் வருகிற வரை மரம் நிற்கட்டும் என்று நினைத்திருக்கலாம். இவர் சொல்வதை நம்பித்தான் மச்சானின் மனைவியிடம் போய்ப் பேச வேண்டுமென்றால் நான் பேசியிருக்கமாட்டேன். ஒருவர் சொன்னதை வேறொரு பொருளும் சொன்னால்தான் நான் எடுத்துக்கொள்வேன். இந்த விஷயத்தில் முளை எனக்கு முன்பே சொல்லியிருந்தது.

"அவங்ககிட்ட இப்படிச் சொல்லாதீங்க பாஸ்," என்றார் தவுக்கே, குரலைத் தாழ்த்தி. "ராத்திரி சாமி அந்த வழியா நடக்கும், பாதையில படுக்கக்கூடாதுன்னு சொல்லுங்க. ஓடி வந்துடுவாங்க."

கெட்ட யோசனை இல்லை. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. இதை இவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்?

மேலே வந்ததும் மச்சானைத் தண்ணீர் எடுக்கும் சாக்கில் ஆற்றுப் பக்கம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு நான் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு நிறுத்தினான்.

"ஆணி அடிச்சாரா? தவுக்கேயா?"

"ஆமாம்."

வாளியைக் கீழே வைத்தான். "டெண்ட்டை எடுத்துடலாம். ஆனா அவகிட்ட இதைச் சொல்லாதீங்க அத்தான்."

"வேற என்ன சொல்றது?"

"ஏதாவது சொல்லுங்க. எறும்பு இருக்கு, பாம்பு இருக்குன்னு சொல்லுங்க. உங்களுக்கா சொல்லிக் குடுக்கணும்? எப்பவும் ஏதாவது கொறை சொல்லிக்கிட்டேதானே இருப்பீங்க."

அது உண்மைதான். நான் குறை சொன்னால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் எறும்பு என்று சொன்னால் அவள் மருந்து தெளித்துவிட்டு அங்கேயே படுப்பாள். பாம்பு என்றால், சாமி மரத்துப் பாம்பு, இன்னும் விசேஷம். அவளை அசைக்க வேண்டுமானால் தவுக்கேயின் பொய்தான் உதவும்.

அவள் அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தாள். சின்ன வாயு அடுப்பு. கூடாரத்துக்குள் வைக்காதே என்று நான் காலையில் சொன்னதை மறக்காமல் நன்றாகத் தள்ளி வெளியே, கல்லை அண்டைகொடுத்து வைத்திருந்தாள். அவள் எதையும் சொன்னபடி செய்வாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"ம்மா, இந்த மரத்தடியில ராத்திரி படுக்கக்கூடாதாம். சாமி..."

அதற்கு மேல் வரவில்லை. பொய் சொல்பவர்களின் இடைவெளி என்று சொன்னேனே, அதில் நானே நின்றுகொண்டிருந்தேன்.

அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க சாமி கதை சொல்லி நான் கேட்டதே இல்ல. சாமி இருக்கா இல்லையான்னு நான் உங்ககிட்ட கேக்கல. மரம் விழுமா, விழாதா? அதை மட்டும் சொல்லுங்க."

மச்சான் பின்னால் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். சொல்லாதே என்றா, சொல்லு என்றா, தெரியவில்லை.

"எப்பன்னு சொல்ல முடியாது," என்றேன். "ஆனா விழும். உள்ள ஒண்ணுமில்ல."

அவள் திரும்பி மரத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். அப்புறம் எழுந்து, தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு, கூடாரத்துக்குள் இருந்த பாயை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மச்சான் சாமான் தூக்கினான். அவனுடைய கூடாரத்தை மடிக்க முடியாததால் விரிந்தபடியே நால்வரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக் கழிப்பறைக்குப் பக்கத்து வெட்டவெளிக்கு நடந்தோம். பல்லக்கு தூக்குவது மாதிரி இருக்கிறது என்றாள் என் மனைவி. உள்ளே யாரும் இல்லாத பல்லக்கு என்று மச்சான் சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் மனைவி கேட்காததுபோல் நடந்தாள்.

வெட்டவெளியில் முளை சிரமப்பட்டுத்தான் இறங்கியது. இரண்டு வளைந்தன. எனக்கு நிம்மதியாக இருந்தது. கூடாரத்தின் வாசலைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் வைத்து, இழுகயிறுகளைச் சாய்வாகக் கட்டினேன். கழிப்பறை வாடைக்கு மச்சான் ஊதுபத்தி கொளுத்தினான்.

மீதியிருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு நான் திரும்பவும் மரத்துக்குப் போனேன். தவுக்கே நாளைக்கு ஏதாவது செய்கிறேன் என்று சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை நான் நம்பவில்லை. கிளை நீளும் தூரத்துக்கு வெளியே, ரம்புத்தான் மரங்களைத் தூணாக வைத்து, மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினேன். சிவப்புப் பிளாஸ்டிக் பைகளைக் கிழித்து அதில் தொங்கவிட்டேன். கயிற்றைப் பார்த்தால் யாரும் கும்பிடமாட்டார்கள் என்று நினைத்தேன். அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மழை இருட்டும்போது வந்தது. நல்ல மழை. ஆறு இரைந்தது, மணல்திட்டு மறைந்தது. எங்கள் கூடாரம் ஒழுகவில்லை. மச்சானுடையது ஒழுகியது, இருவரும் எங்களுடையதற்கு வந்துவிட்டார்கள். நால்வரும் முழங்கால் மடக்கி உட்கார்ந்து மெகி சாப்பிட்டோம்.

"சொல்லுங்க அத்தான். கார் பார்க்ல தண்ணி அடிச்சுப் பாத்திருக்கணும்னு சொல்லுங்க. சொல்லாம இருந்தா உங்களுக்குத் தூக்கம் வராது."

"நான் ஒண்ணும் சொல்லலயே."

"அதான் பயமா இருக்கு!"

அவன் மனைவி சிரித்தாள். இந்த முறை யாரும் பார்க்கிறார்களா என்று பார்க்கவில்லை.

காலையில் மரம் நின்றுகொண்டிருந்தது. மச்சான் முதல் வேலையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லாத்தான் இருக்கு," என்றான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் படிக்க முடியவில்லை. என்மேல் கோபமா, சாமியின் மேல் நம்பிக்கையா. நான் சொன்னது தவறு என்று ஆகிவிட்டதோ என்று எனக்கே உள்ளுக்குள் ஓடியது. ஒரு ராத்திரி நின்றதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கேட்க அவ்வளவு நன்றாக இல்லை.

மச்சானின் மனைவி கயிற்றுக்கு வெளியே நின்று தொட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடையது மழையில் நனைந்து பக்கவாட்டில் தொங்கியது.

"அண்ணே, என்னுதை எடுக்கணும்."

"எடுத்துடலாம்."

"மத்தவங்களுதும். அவங்களுக்குத் தெரியாதுல்ல, இது இப்படின்னு. மரத்தோட சேந்து கீழ போயிடக்கூடாது."

ரம்புத்தான் பறிக்கும் நீளமான கொக்கிக் கம்பு ஒன்றைத் தவுக்கேயிடம் வாங்கி வந்தேன். எதற்கென்று புரியாமல் அவரும் பின்னாலேயே வந்தார். காற்று அசையாத நேரம். மேலே பார்த்துக்கொண்டே, கயிற்றுக்கு உள்ளே கால் வைக்காமல், கம்பை நீட்டி ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டி அறுத்து இழுத்தேன். மச்சான் பிடித்து மனைவியிடம் கொடுத்தான். சாயம் போன துணித் தொட்டில், மரத்தொட்டில், ஒன்று குளிர்பான டப்பாவை வெட்டிச் செய்தது. அதை அவள் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். ஒரு கிளையில் எட்டாத உயரத்தில் இருந்ததை மட்டும் விட்டுவிட்டோம்.

தவுக்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போய், துணியைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தார். ஆணிகள் மரத்திலேயே இருந்தன. துணியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கடைசியில் மச்சானின் மனைவிதான் அதை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

"அங்கிள், உங்க தோட்டத்துல வேற மரம் குடுப்பீங்களா?" என்று அவரிடம் கேட்டாள். "இதையெல்லாம் கட்ட."

"எந்த மரம் வேணும்னாலும் எடுத்துக்கோ. ஆனா ஆணி மட்டும் அடிக்காதீங்க லா."

"யாரு சொல்றதுன்னு பாருங்க!" என்றான் மச்சான். தவுக்கேயே முதலில் சிரித்தார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்க சுத்தியலை எடுத்துட்டு வாங்க. நீங்க தட்டிப் பாத்துச் சொன்னாத்தான் கட்டுவேன்."

தோட்டம் முழுக்க நடந்தோம். டுரியான் மரங்களை நான் தட்டவே இல்லை. பழம் விழும் மரத்தடியில் யாரையும் நிற்கச் சொல்லமாட்டேன். ஒரு ரம்புத்தானில் கரையான் மண் ஏறியிருந்தது. இன்னொன்று பாதையை விட்டு ஒதுங்கி, மழைத் தண்ணீர் அரித்த மேட்டில் நின்றது. குடிசைக்குப் பின்னால் ஒரு மங்குஸ்தான். குட்டையான, அடர்த்தியான மரம், தவுக்கேயின் அப்பா வைத்ததாம். மூன்று பக்கம் தட்டினேன். சரக்கு நிறைந்த பெட்டியைத் தட்டினால் வரும் சத்தம். அடியில் முளையை அடித்தேன். இறங்கவில்லை, வளைந்தது. குனிந்து வேரைப் பார்த்தேன், நிமிர்ந்து கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூவரும் காத்திருந்தார்கள். என் மனைவிகூட அவசரப்படுத்தவில்லை.

இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்தது. அதையும் தட்டினேன்.

"கட்டலாமா அண்ணே?"

"கட்டும்மா," என்றேன். "இது நிக்கும்."

முதலில் மற்றவர்களுடையதை எல்லாம் கட்டினாள்.